காப்பு நகலும் அதன் பெயர்ச்சீட்டும்

(புள்ளியியல் பணியில் புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திட்டமிடலுக்குப் புள்ளிவிவரங்கள் இன்றியமையாதவை என்பதைப் பொருளாதாரம் பயின்ற உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றைத் திரட்டும் முறைகள், மாதிரித் தேர்வு, பிழை மதிப்பீடு ஆகியவை குறித்து இவ்வகுப்பில் வல்லுநர்கள் விரிவாகப் பேசியிருக்கின்றனர். எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பொருள் அவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. கணிப்பொறியில் உள்ள விவரங்களுக்கு நாம் எடுத்துவைக்கும் காப்பு நகல்களின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதே அது. குமாஸ்தா வேலை என்று இதனை ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம் அலுவலகங்களில் உண்டு. இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் எனக்கும் அந்த மனப்பான்மை இருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களின் பிற்பகுதி. வட இந்தியாவில் ஓர் அலுவலகத்தில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றின் விவரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை சர்வரின் வட்டு பழுதாயிற்று. எவரும் கலங்கவில்லை, காப்பு நகல் இருந்தது. உண்மையில் இரண்டு இருந்தன. இரண்டு சி.டி. தட்டுகள், ஒன்றின் மேல் ‘ஃபைனல்’ என்றும், மற்றதன் மேல் ‘லேட்டஸ்ட்’ என்றும் எழுதியிருந்தது. இரண்டும் என் கையெழுத்துதான். எதை எப்பொழுது எழுதினேன் என்பது எனக்கு நினைவில்லை. கோப்புகளில் இருந்த தேதிகளும் உதவவில்லை. தட்டில் ஏற்றுவதற்காகப் படியெடுத்தபோது கணிப்பொறி இட்ட தேதிகள் அவை, இரண்டும் ஒரே வாரத்தைச் சேர்ந்தவை. ‘ஃபைனல்’ என்பதே இறுதியானதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அதனை மீட்டெடுத்தோம். மற்றதை, விதிப்படி, விவரங்களின் இரகசியம் காக்கும் பொருட்டு உடைத்து எறிந்தோம்.

‘ஃபைனல்’ என்று நான் எழுதியது விவரப் பதிவு முடிந்த நாளில். அதாவது, தட்டச்சு செய்யும் பணியின் இறுதி. சரிபார்ப்பு அதற்குப் பின்னர்தான் தொடங்கியது. இது தெரியவந்தபோது எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன.

சரிபார்ப்பில் என்ன நடந்திருந்தது என்பதையும் கூற வேண்டும். ஒரு மலை மாவட்டத்தில் விறகு நுகர்வு நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகப் பதிவாகியிருந்தது. அங்கே விறகைத் தலைச்சுமையாக எண்ணுவர். சில படிவங்களில் தலைச்சுமையின் எண்ணிக்கையே கிலோகிராம் கட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய களப்பணியாளர் ஒருவர், பனியில் பாதை அடைபடுவதற்கு முன்னால், ஒரு சுருள் தராசை எடுத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மீண்டும் நடந்து சென்று, சுமைகளை நிறுத்துத் திருத்தி அனுப்பினார். அத்திருத்தங்கள் அனைத்தும் உடைக்கப்பட்ட தட்டில் இருந்தன. காகிதப் படிவங்களும் அதற்குள் களையப்பட்டுவிட்டன.

அவரிடம் செய்தியைச் சொல்ல நானே சென்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இன்னொரு முறை போகலாம், சாஹப். ஆனால் அந்த வருஷத்து விறகை இப்போது எப்படி நிறுப்பது?” என்று மட்டும் கேட்டார். அந்த மாவட்டத்தின் எரிபொருள் அட்டவணை ஓர் அடிக்குறிப்புடன் வெளியாயிற்று. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. காப்பு நகல் எடுக்கத் தவறினோம் என்று எவரும் எங்களைக் குறை கூற முடியாது. தவறாமல் எடுத்தோம். ஒன்றுக்கு இரண்டாக எடுத்தோம். நகல் எடுப்பவரும் அதனை மீட்பவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதை மட்டும் மறந்தோம். ஒரே மனிதராக இருந்தாலும் எட்டு மாதத்துக்குப் பின் அவர் வேறு மனிதரே. நகல் எடுக்கும்போது ஓய்வு இருக்கிறது. எல்லாம் நினைவில் இருக்கிறது. மீட்கும்போது மேலதிகாரி தொலைபேசியில் காத்திருக்கிறார். பெயர்ச்சீட்டு இரண்டாவது மனிதருக்காக எழுதப்படுவது.

நாடா யுகத்தின் ஒழுங்கு

என்னைவிட மூத்த தலைமுறையினர் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். பெரிய கணிப்பொறிகளும் காந்த நாடாச் சுருள்களும் வழங்கிய காலத்தில், சாதாரண நாடாச் சுருள் ஒன்று 2,400 அடி நீளம் இருக்கும். ஓர் அங்குலத்திற்கு 1,600 எழுத்துகள் என்ற அடர்த்தியில், இடைவெளியே இல்லாமல் எழுதினாலும் ஒரு சுருளில் ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் எழுத்துகளுக்கு மேல் அடங்காது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சிறிய காணொளியின் அளவு அது. ஆகவே ஒரு பெரிய கணக்கெடுப்புக்குப் பல சுருள்கள் தேவைப்பட்டன. எது எதன் தொடர்ச்சி என்று தெரியாவிட்டால் வேலை நின்றுவிடும்.

அக்காலத்தில் நாடாவுக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று, சுருளின் மேல் ஒட்டிய காகிதம். மற்றொன்று, நாடாவின் உள்ளேயே காந்தப் பதிவாக எழுதப்பட்டது. ஐ.பி.எம். முறையில் நாடாவின் தொடக்கத்தில் 80 எழுத்துகள் கொண்ட ஒரு பதிவு இருக்கும். அதில் ஆறு எழுத்துகளில் அந்தச் சுருளின் வரிசை எண். அடுத்து வரும் பதிவுகளில் கோப்பின் பெயர், உருவாக்கிய நாள், எந்த நாள் வரை அழிக்கக் கூடாது என்ற குறிப்பு, ஒரு பதிவின் நீளம், தொகுதியின் நீளம் ஆகியவை. கோப்பு முடிந்ததும் எத்தனை தொகுதிகள் எழுதப்பட்டன என்ற எண்ணிக்கை. இயக்குபவர் தவறான சுருளை மாட்டினால், கணிப்பொறி உட்சீட்டைப் படித்து ‘இது அதுவன்று’ என்று மறுத்துவிடும். சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் எழுத முடியும். வளையம் இல்லையேல் படிக்க மட்டுமே இயலும்.

நகல்களைச் சுழற்சியாக வைக்கும் முறைக்கும் அவர்கள் தாத்தா, தந்தை, மகன் என்றே பெயரிட்டிருந்தனர். இன்றையது மகன், அதற்கு முந்தையது தந்தை, அதற்கும் முந்தையது தாத்தா. புதிய மகன் பிறந்து, நலமாக இருக்கிறான் என்று உறுதியான பின்னரே தாத்தாவின் சுருளை மறுபடி பயன்படுத்தலாம்.

இந்த ஒழுங்கும் குறையற்றதன்று. ‘என்றும் அழிக்காதே’ என்பதைக் குறிக்கப் பலர் 1999ஆம் ஆண்டின் 365ஆம் நாள் என்று காலக்கெடு எழுதினார்கள். அந்த நாள் ஒருபோதும் வராது என்ற எண்ணம் போலும். அது வந்தது.

அழிக்கக் கூடாதது எது என்பது தெரியாமற் போனதற்கு மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1969 ஜூலையில் சந்திரனில் மனிதன் கால்வைத்தபோது நேரடியாகப் பதிவான தொலை அளவை நாடாக்களைப் பல ஆண்டுகள் தேடிய பின்னர், அவை நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் ஏனைய நாடாக்களுடன் சேர்த்து அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குப் போயிருக்கக்கூடும் என்ற முடிவை நாசா 2009இல் வெளியிட்டது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளைக் கொண்டே அக்காட்சிகள் செப்பனிடப்பட்டன.

இன்று பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எல்.டி.ஓ. நாடாப் பேழைகளிலும் அந்த ஆறு எழுத்து எண் தொடர்வது வியப்புக்குரியது. கோட்டுக் குறியுடன் கூடிய சீட்டில் ஆறு எழுத்துகள். அவற்றோடு பேழை எந்தத் தலைமுறையைச் சார்ந்தது என்பதைக் காட்டும் இரண்டு எழுத்துகள். இந்தக் கடைசி இரண்டும் அலங்காரமல்ல. எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம், எட்டாம் தலைமுறைப் பேழைகளை மட்டுமே படிக்கும். ஆறாம் தலைமுறைப் பேழையைப் படிக்காது. பத்தாண்டு கழித்து அலமாரியைத் திறப்பவருக்கு எந்தக் கருவியைத் தேட வேண்டும் என்பதை அந்த இரண்டு எழுத்துகளே கூறுகின்றன.

எந்த நாள், எந்த ஆண்டு

பெயர்ச்சீட்டில் தேதி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் எந்தத் தேதி? நகல் எடுத்த நாளும், நகலில் உள்ள விவரம் எந்த நாள் வரையிலானது என்பதும் வேறு வேறு. இரண்டையும் எழுத வேண்டும். 03-04-05 என்று எழுதியிருந்தால் இந்தியர் அதனை 2005 ஏப்ரல் 3 என்பர். அமெரிக்கர் மார்ச் 4 என்பர். ஆண்டை முதலில் எழுதும் வழக்கமுடையவர் 2003 ஏப்ரல் 5 என்பர். நான்கு இலக்க ஆண்டு, அடுத்து மாதம், அடுத்து நாள் என்ற பன்னாட்டுத் தர வரிசையில் எழுதினால் இக்குழப்பம் நீங்குவதோடு, கோப்புகளின் பெயர்களும் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடும்.

நம் துறையினருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘2011-12’ என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டா? ஜூலை முதல் ஜூன் வரையிலான வேளாண்மை ஆண்டா? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68ஆவது சுற்றும் 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரையிலானதே. அதனையும் 2011-12 என்றே வழங்குகிறோம். சர்க்கரைத் தொழிலுக்கு ஆண்டு அக்டோபரில் பிறக்கிறது. ரிசர்வ் வங்கியின் கணக்காண்டும் 2020 வரை ஜூலையில்தான் தொடங்கியது. பின்னர்தான் ஏப்ரலுக்கு மாறிற்று. போதாக்குறைக்கு 2011-12 என்பது தேசிய வருமானக் கணக்குகளில் 2015 ஜனவரியில் அறிமுகமான தொடருக்கு அடிப்படை ஆண்டும் ஆகும். ஆகவே ‘தேசிய வருமானம் 2011-12’ என்ற சீட்டு, அந்த ஆண்டின் வருமானத்தைக் குறிக்கிறதா, அந்த ஆண்டு விலையில் கணக்கிட்ட தொடரைக் குறிக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறக்காமல் சொல்ல இயலாது. மாதங்களையும் சேர்த்து எழுதினால் ஆகும் செலவு ஒரு துளி மை.

மணியும் முக்கியமே. இப்பொழுது காப்பு நகல்களைத் தானியங்கி நிரல்கள் எடுத்து, தாமே பெயரும் இட்டுவிடுகின்றன. அவற்றுள் பல கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலகப் பொது நேரத்தையே இடுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஏப்ரல் 1ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு எடுத்த நகலின் பெயரில் மார்ச் 31, இரவு 8.30 என்று இருக்கும். கருவூலத்திலோ கணக்கு அலுவலகத்திலோ பணியாற்றியவர்களுக்கு மார்ச் 31 இரவு 8.30 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே எத்தனை பட்டியல்கள் நிறைவேறும் என்பது தெரியும். அந்தப் பெயரை நம் நேரம் என்று எண்ணி, ஆண்டு இறுதிக் கணக்கு முழுமையாக இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். மறுதலையும் நேரலாம்.

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளிகளின் பதிவு முதலிய பணிகளைப் பல நாட்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று. பாதிப்படையாத காப்பு சர்வர் ஒன்றிலிருந்து மருத்துவமனை விவரங்கள் மீட்கப்பட்டதாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இத்தகைய தாக்குதலில் மீட்பவரின் முதற் கேள்வி ‘நகல் இருக்கிறதா’ என்பதோடு நிற்பதில்லை. ‘தாக்குதலுக்கு முந்தையது எது’ என்பதுமாகும். மணி எழுதாத சீட்டு இக்கேள்விக்கு விடை தராது.

மூன்றும் சரியான மூன்று எண்கள்

ஒரே பொருளைப் பற்றிய வெவ்வேறு பதிப்புகள் நம் பணியில் சகஜம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். தற்காலிக முடிவின்படி இந்திய மக்கள்தொகை 102,70,15,247. இறுதி முடிவின்படி 102,86,10,328. ஆயினும், மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவோ மாரம், பாவோமாட்டா, புருல் என்னும் மூன்று உட்கோட்டங்களின் கணக்கெடுப்பு முடிவுகள் இதில் சேரவில்லை. அவற்றின் மதிப்பிடப்பட்ட தொகையான 1,27,108ஐச் சேர்த்தால் 102,87,37,436. மூன்றும் அதிகாரபூர்வமானவை, மூன்றும் அச்சேறியவை. ‘மக்கள்தொகை 2001’ என்று மட்டும் எழுதிய காப்பு நகலிலிருந்து எது மீளும்?

இதனை அற்ப வேறுபாடு என்று கருதுவோர் சேனாபதி மாவட்டத்தின் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அந்த மூன்று உட்கோட்டங்கள் இல்லாவிடில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. தலைவீதம் நிதி பகிர்பவர் எந்தக் கோப்பை மீட்டார் என்பது அங்கே பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கையாக மாறும்.

‘புதிய’, ‘கடைசி’, ‘திருத்திய’, ‘மிகக் கடைசி’ போன்ற சொற்களைப் பெயர்ச்சீட்டில் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இவை எழுதும் கணத்தில் மட்டும் உண்மையாக இருந்து, அடுத்த நகல் எடுத்ததும் பொய்யாகிவிடும் சொற்கள். எந்தப் பணிநிலை முடிந்தது என்பதை எழுதலாம்: விவரப் பதிவு முடிந்தது, முதற் சரிபார்ப்பு முடிந்தது, களத் திருத்தம் சேர்ந்தது. இவ்வுண்மைகள் மாறா.

படிக்கத் தெரிய வேண்டுமே

நகல் மீண்டுவிட்டது, எண்களும் திரையில் தெரிகின்றன என்பதால் விவரம் மீண்டதாகாது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்ப வாரியான விவரங்கள், 1999இல் வகுக்கப்பட்ட புள்ளிவிவர வெளியீட்டுக் கொள்கைக்குப் பின்னர் ஆய்வாளர்கள் பலருக்கும் கிடைக்கலாயின. அவை நீண்ட காலம் நிலையான நீளம் கொண்ட எண் வரிசைகளாகவே வழங்கப்பட்டன. ஒரு வரியைப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட இலக்கங்கள், இடைவெளியின்றி. எந்த இடம் முதல் எந்த இடம் வரை மாநிலக் குறியீடு, எங்கிருந்து எதுவரை செலவுத் தொகை என்பதைத் தனியொரு அமைப்புத் தாள்தான் கூறும்.

அந்த வரியின் கடைப் பகுதியில் பெருக்கி என்று ஓர் எண் இருக்கும். மாதிரியில் வந்த ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்கு ஈடு என்பதைக் காட்டுவது. அதில் இரண்டு தசம இடங்கள் உண்டு; ஆனால் புள்ளி எழுதப்பட்டிராது. எனவே 100ஆல் வகுக்க வேண்டும். 61, 68 ஆகிய சுற்றுகளில், ஓர் அடுக்கு இரண்டு துணை மாதிரிகளிலும் இடம்பெற்றிருந்தால் 200ஆல் வகுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் 100ஆல். இது அமைப்புத் தாளில் ஓரிரு வரிகளில் சொல்லப்பட்டிருக்கும். அத்தாளை இழந்தவர் எல்லாவற்றையும் 100ஆல் வகுத்தால், மொத்தக் குடும்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகும். அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் சராசரிச் செலவை மட்டும் கணக்கிடுபவருக்கு எதுவும் தெரியாது. சில பகுதிகளுக்கு உரியதைவிடக் குறைந்த எடை கிடைத்து, வறுமை விகிதம் சத்தமின்றி நகர்ந்திருக்கும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆகையால் அமைப்புத் தாள் காப்பு நகலின் ஒரு பகுதியே ஆகும். அதே நாடாவில், எந்தக் கணிப்பொறியும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக அது இருக்க வேண்டும்; வெளியே காகிதத்தில் இன்னொன்று.

தமிழில் விவரங்களைப் பதிவு செய்வோருக்கு மற்றுமொரு தனித் தொல்லை. மைய அரசு அலுவலகங்களில் ஒரு காலத்தில் 1991ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப்படி அமைந்த இஸ்கி குறியீடு வழங்கியது. தமிழ்நாட்டில் 1999 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் ஏற்கப்பட்டன. இணையத்தில் சிலர் திஸ்கியைப் பயன்படுத்தினர். இவை யாவற்றுக்கும் வெளியே, எழுத்துரு விற்பவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தனர். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய தமிழ்க் கோப்பு ஒன்றை இன்று மீட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே. மாற்றித்தரும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் எதிலிருந்து மாற்றுவது என்று நிரலுக்குக் கூற வேண்டும். எழுத்துருவின் பெயரைச் சீட்டில் குறித்திருந்தால் கால் மணி நேர வேலை. இல்லையேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பட்டியல் எங்கே இருக்கிறது?

நகல்களின் பட்டியலைப் பற்றி இனிக் கூறுகிறேன். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் மின்கலத் தொகுதியில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த பொதுச் சேமிப்பகம் எரிந்துபோயிற்று. 858 டெராபைட் விவரங்கள். அவ்வமைப்பின் பேரளவு காரணமாக அதற்கு வெளியே நகல் எடுக்கப்படவில்லை என்று கூறப்பட்டது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர். நான் கவனித்தது வேறொன்று. நின்றுபோன அரசு அமைப்புகள் 647 என்று முதலில் அறிவித்தார்கள். ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின் அது 709 என்று திருத்தப்பட்டது. காரணம், எந்தெந்த அமைப்புகள் இருந்தன என்ற பட்டியலை வைத்திருந்த மேலாண்மை அமைப்பே தீயில் முடங்கிவிட்டது. அது மீண்ட பின்னரே சரியான எண்ணிக்கை தெரிந்தது.

தொழில்நுட்பத்தில் இவ்வளவு முன்னேறிய நாட்டுக்கே இந்நிலை நேர்ந்தது. வீட்டுச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று எழுதிய தாளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பான இதே தவற்றை நம்முள் எத்தனை அலுவலகங்கள் செய்துகொண்டிருக்கின்றன என்பதை ஒவ்வொருவரும் திரும்பிச் சென்று பார்க்கலாம். நகல் மறையாக்கம் செய்யப்பட்டதாயின், அதைத் திறக்கும் சாவி எவருடைய பொறுப்பில் உள்ளது என்பதும் அந்த வெளிப் பட்டியலில் வேண்டும். சாவியை எழுதுமாறு கூறவில்லை; அது இருக்குமிடத்தை. பொறுப்பாளரின் பெயரைவிடப் பதவியை எழுதுவது நன்று. பெயருக்குரியவர் மாற்றலாகிப் போய்விடுவார். பதவி அங்கேயே இருக்கும்.

பெயர்ச்சீட்டு என்பது பெட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிரல் சேமிப்பு நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். இரண்டின் பெயர்களுக்கும் இடையே ஓர் இலக்கம் மட்டுமே வேறுபாடு. ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்தும் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது. காப்பு நகலை நாடியபோது, பதிப்பு முரண்பாட்டால் அந்த நகல் எடுக்கும் நிரல் தோல்வியடைந்து வந்திருந்ததும், நகல் சேமிப்பிடம் வெறுமையாக இருந்ததும் தெரியவந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேர விவரங்கள் போயின. அந்நிறுவனம் இவையனைத்தையும் ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. நம் அலுவலகங்களில் இத்தகைய அறிக்கை ஒன்றை நான் கண்டதில்லை. பின்னர் அவர்கள் எடுத்த நடவடிக்கைகளுள் ஒன்று, எந்த சர்வரில் வேலை செய்கிறோம் என்பது திரையிலேயே தெளிவாகத் தெரியுமாறு செய்தது. அதுவும் ஒரு பெயர்ச்சீட்டே.

சட்டமும் பழக்கமும்

1993ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டத்தில், கணிப்பொறி உருவாக்கும் எப்பொருளும் பொதுப் பதிவேடே. விதிகளுக்குப் புறம்பாக அதனை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நான் உடைத்தெறிந்த தட்டை நினைத்துக்கொண்டு இப்பிரிவைப் படிப்பதுண்டு. அச்சுறுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரு நகலை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதும் பழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்காகவே சொல்கிறேன். பழைய சென்னை மாகாணத்தின் வருவாய்த் துறையில் வேரூன்றிய டாட்டன்ஹாம் முறையில், முடிவுற்ற கோப்பின் எண்ணோடு ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்று ஒரு குறி சேர்ந்துவிடும். அக்குறியைக் கண்ட மாத்திரத்தில் அது நிரந்தரமானதா, ஆண்டுகள் சில கழிந்ததும் களையத்தக்கதா என்பதைப் பதிவறை எழுத்தர் அறிவார். கோப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. எவரையும் கேட்க வேண்டியதில்லை. தலைமைச் செயலகப் பதிவறையில் ஏ, பி, சி என்று வகைப்படுத்துவதும் இதற்கே. காகிதத்திற்கு இத்தனை கவனம் செலுத்திய நாம், காகிதம் மறைந்ததும் அப்பழக்கத்தையும் கைவிட்டது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை.

சில நடைமுறைக் குறிப்புகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முழு நகலா, மாறியதை மட்டும் எடுத்ததா என்று எழுத வேண்டும். மாறியதை மட்டும் எடுத்திருந்தால் எந்த முழு நகலின் மேல் அதனைப் பொருத்துவது என்பதும் வேண்டும். ஏழு பேழைகளில் மூன்றாவது என்றால் ‘3/7’ என்றே எழுதுக. ‘3’ என்று மட்டும் எழுதினால் நான்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சி.டி. தட்டின் மேல் காகிதம் ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும். காரமான கரைப்பான் கலந்த மையும் ஆகாது. பேழையின் மேல் ஒட்டிய சீட்டு வறண்ட அறையில் உதிர்ந்துவிடக்கூடும் என்பதால், அதே எண் உள்ளேயும் பதிவாகியிருக்க வேண்டும். நாடாக் காலத்துத் தொகுதி எண்ணிக்கையின் இடத்தில் இன்று எஸ்.எச்.ஏ.-256 போன்ற சரிபார்ப்பு எண்கள் இருக்கின்றன. மீட்ட பின் அதைக் கணக்கிட்டு ஒப்பிட்டால் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெளிப்பட்டுவிடும்.

இவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவதும், எங்கும் காணப்படாததுமான ஒன்று உண்டு. கடைசியாக இந்த நகலை எப்பொழுது மீட்டுப் பார்த்தோம் என்பதற்குச் சீட்டில் ஒரு கட்டம். அது வெறுமையாக இருந்தால், நம்மிடம் இருப்பது காப்பு நகல் என்பது ஓர் அனுமானமே.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் செய்முறை வகுப்பு இருக்கிறது. அடுத்த அறையில் உங்களுக்காகப் பன்னிரண்டு பேழைகள் வைக்கப்பட்டுள்ளன. முந்தைய பயிற்சி அணியினர் எடுத்த நகல்கள். அவற்றின் மேல் உள்ள சீட்டுகளை எழுதியவர்களும் அவர்களே. அவற்றுள் ஒன்றில் ஒரு மாவட்டத்தின் விவரங்கள், களத் திருத்தங்களுடன் உள்ளன. படிக்கும் கருவி ஒன்றுதான். ஒரு பேழையைப் படிக்க ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகும். வகுப்பு ஐந்து மணிக்கு முடிகிறது. எதனை முதலில் கருவியில் இடுவது என்பதை நீங்கள் சீட்டுகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அவை முடிந்ததும், உங்கள் நகல்களுக்கு நீங்கள் சீட்டு எழுதுவீர்கள்.